ஷட்டர் இல்லாத கடை

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 38 வயது. சேலம் பக்கம் ஒரு சின்ன ஊர். பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். 2020 லாக்டவுனில் கணவருக்குச் சம்பளம் பாதியானது. இளம்பிள்ளையில் தறி ஓட்டும் சொந்தக்காரர் ஒருவரிடம் பத்துப் புடவை கடனுக்கு எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது. இன்று இன்ஸ்டாகிராமில் 11,000 ஃபாலோயர், வாட்ஸ்அப்பில் நான்கு குரூப். கொரியர், பேக்கிங் செலவு போக மாதம் இருபதாயிரம் கையில் நிற்கிறது. போன வருடம் மகளுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் தேவைப்பட்டபோது குரூப்பில் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று பேர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் காலை ஐந்து மணிக்கு விழித்ததும் கை போனைத்தான் தேடுகிறது. இரவு பன்னிரண்டரைக்கு 'விலை என்ன அக்கா' என்று வந்தாலும் பதில் போடுகிறேன். போனே காட்டும் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். என்னோடு ஆரம்பித்த ஒரு பெண்ணுக்கு இப்போது 90,000 ஃபாலோயர். அவள் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. நான் புடவை கட்டிக் காட்டிய வீடியோவின் கீழே என் நிறத்தைக் கிண்டல் செய்து ஒருவன் எழுதியது இன்னும் மனதில் நிற்கிறது. பள்ளித் தோழிகள் குரூப்பில் எல்லோரும் நியூஜெர்சி, சிங்கப்பூர். கணவர் 'அந்தப் போனைத் தூக்கிக் கிணற்றில் போடு' என்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகள் மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை. அவள் பாவாடை தாவணி கட்டிய படத்தைக் கடைப் பக்கத்தில் போட்டிருந்தேன். வகுப்பில் யாரோ அதை ஸ்டிக்கராக்கிச் சுற்ற விட்டார்களாம். நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா? எல்லாவற்றையும் மூடிவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு பக்கக் கடிதத்தை இப்படிச் சுருக்கியதற்கு மன்னிக்கவும். உங்களை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று நாலைந்து விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். இருபது வருடமாக ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் எதையெதையோ பேசுவார்கள். அப்புறம் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவில் கை வைத்தபடி "இன்னொன்று மேடம்..." என்று இழுப்பார்கள் பாருங்கள், அவர்கள் வந்ததே அதற்காகத்தான். உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றிய நான்கு வரி ஆறாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. நானும் அதற்குக் கடைசியில்தான் வரப்போகிறேன். ஆனால் அதற்கு நிறைய இடம் வைத்திருக்கிறேன்.

முதலில் அந்த 'அடிமை' என்ற சொல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடியோ கேமை விட முடியாமல் போவது அதில் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சமூக வலைதளத்துக்கு அப்படித் தனிப் பெயர் எதுவும் அதில் இல்லை. அதனால் உங்களுக்கு நீங்களே நோய்ச்சீட்டு எழுதிக்கொள்ள வேண்டாம். பிரச்சினையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இணையமும் போனும் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டவர்களுக்காகவே 2014 முதல் ஒரு கிளினிக் நடக்கிறது. நீங்கள் சமைக்கிறீர்கள், பார்சல் கட்டுகிறீர்கள், வரவு செலவு எழுதுகிறீர்கள், மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறீர்கள். உங்களுக்கு அங்கே வேலையில்லை. உங்களிடம் ஒரு கடை இருக்கிறது, அந்தக் கடைக்கு ஷட்டர் இல்லை. எனக்குத் தெரிந்தவரை உங்கள் வியாதி இவ்வளவுதான்.

இனி கொஞ்ச தூரம் உங்கள் கணவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கிணற்றில் போடுவதற்கு முன் அவர் இதைப் படிக்கட்டும்.

நீங்கள் முதலில் விற்ற புடவையைப் பற்றி இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அக்கா வாங்கவில்லை, நாத்தனார் வாங்கவில்லை. உங்களோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவரின் ஆபீசில் வேலை செய்யும் நாகர்கோவில் பெண் ஒருவர் வாங்கினார். இதற்குச் சொந்தக்காரர்கள் மேல் நீங்கள் கோபப்பட்டிருப்பது தெரிகிறது. கோபத்துக்கு அவசியமே இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தபோது, துப்புக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தினமும் பார்க்கிற நெருங்கிய ஆட்களாக இல்லை, எப்போதாவது பார்க்கிற அறிமுகங்களாக இருந்தார்கள். யோசித்தால் புரியும். உங்கள் அக்காவுக்குத் தெரிந்த ஆட்கள் உங்களுக்கும் தெரிந்தவர்கள். அவருக்குத் தெரிந்த சேதி உங்களுக்கும் தெரிந்த சேதி. புதிய வாசல் திறப்பது எப்போதும் பாதி தெரிந்தவர்கள் வழியாகத்தான். லிங்க்ட்இன் என்ற வேலைத் தளத்தில் சுமார் 2 கோடி பேரின் தொடர்புகளை வைத்து நடந்து, 2022-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: ரொம்ப நெருக்கமும் இல்லாத, அடியோடு அந்நியமும் இல்லாத தொடர்புகள்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவின.

முன்பெல்லாம் நம் பெண்களுக்கு இந்தப் பாதி தெரிந்தவர்கள் கல்யாணத்தோடு போய்விடுவார்கள். ஹாஸ்டல் தோழி யார், எந்த ஊர் என்பதே மறந்துவிடும். ஆண்களுக்கு டீக்கடை இருந்தது, பஸ் ஸ்டாண்ட் இருந்தது, சங்கம் இருந்தது. உங்கள் கையில் இருக்கும் அந்த ஆறங்குலப் பெட்டிதான் உங்கள் டீக்கடை. அது வருமானம் மட்டும் தரவில்லை. ஆடிட்டர் ஆபீசை விட்ட பிறகு உங்களை உங்கள் பெயரைச் சொல்லி எத்தனை பேர் கூப்பிட்டார்கள்? இன்னாரின் மருமகள், இன்னாரின் அம்மா என்றுதானே பத்து வருடம் ஓடியது? இப்போது தூத்துக்குடியிலிருந்து ஒருத்தி உங்கள் பெயரோடு அக்காவும் சேர்த்து மாம்பழக் கலர் இருக்கிறதா என்று கேட்கிறாள். இது லாபக் கணக்கில் வராது, ஆனால் லாபம்தான்.

டெங்கு சமயத்தில் வந்து நின்ற அந்த மூன்று பேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் சித்தி முடிச்சூரில் மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்தார். போன் செத்துவிட்டது. யாரென்றே தெரியாத பையன்கள் ட்விட்டரில் தெருத்தெருவாகப் பட்டியல் போட்டுப் படகு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில்தான் சித்தி வீட்டு முகவரியும் ஏறியது. இதையெல்லாம் பார்த்தவளிடம் போய் 'எல்லாவற்றையும் மூடிவிடட்டுமா' என்று கேட்டால், மூடுங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

சரி, செலவுப் பக்கத்துக்கு வருவோம்.

ஆடிட்டர் ஆபீசில் இருந்தவர் நீங்கள். அதனால் உங்கள் மொழியிலேயே கேட்கிறேன்: நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் மாதம் 210 மணி. இருபதாயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு 95 ரூபாய். ஆனால் அந்த ஏழு மணியும் கடையா? ஒரு நோட்டை எடுத்து இரண்டு கட்டம் போடுங்கள், ஒன்றுக்குக் 'கடை' என்றும் இன்னொன்றுக்கு 'வேடிக்கை' என்றும் தலைப்பு எழுதுங்கள். ஒரே ஒரு வாரம், போனைக் கீழே வைக்கும்போதெல்லாம் எந்தக் கட்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல வியாபாரம் செய்யும் நாலைந்து பெண்களை இதைச் செய்ய வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் பாதிக்கு மேல் வேடிக்கையில்தான் போயிற்று. உங்களுக்கும் பாதி என்று வையுங்கள். அப்படியானால் உங்கள் உண்மையான கூலி மணிக்கு 190 ரூபாய். நீங்கள் நினைப்பதைவிட நல்ல தொழில்காரி நீங்கள். மீதி 105 மணி நேரத்தை யாரோ உங்களிடமிருந்து இலவசமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எப்படி எடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் கொஞ்சம் இறங்கும். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதற்கு முன் சுரண்டல் லாட்டரி விற்ற பெட்டிக்கடைகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். சுரண்டியதும் பரிசு விழாது. பத்தாவதில் பத்து ரூபாய் விழும். எதில் விழும் என்று தெரியாததால்தான் கூலி வாங்கிய கையோடு அங்கேயே நின்று சுரண்டினார்கள். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் இதைப் புறாக்களை வைத்துக் காட்டியிருக்கிறார். கொத்தினால் எப்போது தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால் புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். விடிகாலை ஐந்து மணிக்கு நீங்கள் போனைத் திறப்பதும் சுரண்டுவதுதான். நான்கு நாள் ஒன்றும் இருக்காது. ஐந்தாம் நாள் ஒரே ஆளிடமிருந்து ஆறு புடவை ஆர்டர் வந்திருக்கும். அந்த ஒரு நாள் மற்ற நாட்களுக்கெல்லாம் சேர்த்து உங்களை எழுப்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. தினத்தாளுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டுச் செய்தியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். 2006-ல் அஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை உருவாக்கினார். இதை ஏன் செய்தேன் என்று பிற்பாடு அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். மடித்து வைக்க ஓரமே இல்லாத தாள் அது. உங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதிக்கு என்ன குறை? இந்தப் பக்கம் நீங்கள் ஒருத்தி, அந்தப் பக்கம் சம்பளத்துக்கு ஆயிரக்கணக்கான இன்ஜினியர்கள்.

அதனால் மன உறுதியை நம்ப வேண்டாம், ஷட்டரை நம்புங்கள்.

உங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போகிறார். மறுநாள் வாடிக்கையாளர் வராமலா போய்விட்டார்? புதிதாக ஒரு சிம் வாங்கி, கடைக்கு மட்டும் அந்த எண்ணை வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் என்று ஒரு செயலி 2018 முதல் இருக்கிறது, காசு கிடையாது. அதில் கடை நேரம் குறிப்பிடலாம். நேரம் தாண்டி யாராவது எழுதினால் 'காலை பத்து மணிக்குப் பதில் தருகிறேன்' என்று அதுவே சொல்லிவிடும். விலை, கொரியர் கட்டணம், 'பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் ரிட்டன் கிடையாது' என்கிற உங்கள் தினசரிப் பாட்டையெல்லாம் ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் இரண்டு எழுத்து தட்டியதும் வந்து நிற்கும். காலை பத்து முதல் ஒன்று, மாலை நாலு முதல் எட்டு. என் யோசனை இது, உங்கள் வீட்டு வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு விலை கேட்கிறவர் அந்நேரத்தில் இன்னும் எட்டுப் பேரிடம் விலை கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார் என்பது என் சந்தேகம். நம்ப வேண்டாம், அதையும் நோட்டில் குறியுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் வந்த விசாரிப்பில் எத்தனை பணமாகியது என்று மாதக் கடைசியில் பாருங்கள்.

படுக்கையறையில் போன் வேண்டாம். சமையலறையில் சார்ஜ் போடுங்கள். எழுந்திருக்க அலாரம் வேண்டுமே என்பீர்கள். கடையில் அலாரம் கடிகாரம் இன்னும் விற்கிறார்கள்.

முழுக்க விட்டுவிட்டால் என்ன என்ற உங்கள் கேள்விக்கும் ஆய்வு இருக்கிறது. 2018-ல் அமெரிக்காவில் தேர்தலுக்கு முன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று, குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழித்த நேரம் கூடியது, மனநிலை கொஞ்சம் தேறியது. கொஞ்சம்தான். 'விட்டேன், விடுதலை அடைந்தேன்' என்று வீடியோ போடுகிறவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. (அதையும் வீடியோவாகத்தான் போடுகிறார்கள்!) செய்திகள் தெரிந்துகொள்வதும் அவர்களுக்குக் குறைந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வும் அதே வருடம் வெளிவந்தது. விடச் சொல்லவில்லை. ஒரு பிரிவினரை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் பார்க்கச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் அவர்களிடம் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, உங்களைப் போலத் தொழிலை அங்கே வைத்திருப்பவர்களுக்கு நடக்கக்கூடியது அதுதான். 'வேடிக்கை' கட்டத்துக்கு நாளுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒரு தொழில் புத்தி, ஆலோசகர் எல்லையைத் தாண்டிச் சொல்கிறேன். உங்கள் வாடிக்கையாளர் பெயர், எண், ஊர் எல்லாவற்றையும் ஒரு தடித்த நோட்டில் எழுதி வையுங்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். லட்சக்கணக்கில் ஃபாலோயர் சேர்த்திருந்தவர்களுக்கு அடுத்த நாள் ஒருவர் கூட இல்லை. ஆர்குட் என்ற பழைய சமூக வலைதளத்தில் என் பக்கத்தில் ஊரில் உள்ளவர்களெல்லாம் எழுதிக் கொடுத்த பாராட்டுகள் இருந்தன. 2014-ல் கூகுள் அதை மூடியதோடு போயிற்று. அடுத்தவர் நிலத்தில் போட்ட பந்தல் இது. கல்யாணம் நடத்தலாம், வீடு கட்ட முடியாது.

அந்தத் தொண்ணூறாயிரம் பெண்ணைப் பற்றி. டி.நகரின் ஏழு மாடிப் பட்டுக்கடையைப் பார்த்து உங்களுக்குத் தூக்கம் போகவில்லை, கவனித்தீர்களா? மனிதர்கள் தங்களை அளந்துகொள்வது தங்களைப் போன்றவர்களோடுதான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-ல் எழுதினார். அவள் உங்களோடு ஆரம்பித்தவள், உங்களைப் போலவே கடனுக்குப் புடவை எடுத்தவள். அதனால்தான் குத்துகிறது. பொறாமை என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்திருக்க வேண்டாம், பொறாமைதான், எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் நீங்கள் பார்ப்பது அவள் கடையின் முன்பக்கக் கண்ணாடியை. உங்கள் வீட்டில் மட்டும் கொல்லைப்புறம் வரை தெரிகிறது. அவளிடம் எத்தனை பார்சல் திரும்பி வருகிறது, எத்தனை பேர் போலி ஜிபே ஸ்கிரீன்ஷாட் அனுப்பி ஏமாற்றினார்கள் என்பதற்கெல்லாம் ரீல்ஸ் கிடையாது. அவளை மியூட் செய்யுங்கள். நட்பும் முறியாது, அவளுக்குத் தெரியவும் தெரியாது. பள்ளித் தோழிகள் குரூப்பையும் அப்படியே ஆர்க்கைவில் தள்ளிவிட்டு, உங்களுக்கு நிஜமாகவே பிடித்த இரண்டு பேருக்கு மாதம் ஒருமுறை போன் போடுங்கள்.

நிறத்தைப் பற்றி எழுதியவனை அலட்சியம் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். அலட்சியம் செய்ய முடிந்தால் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள். கறுப்பாகப் பிறந்த பெண்ணுக்கு இந்த ஊரில் அது புதிய வார்த்தை இல்லை, பழைய புண்ணில் பட்ட கல். பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னதை நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குரல்தான் இங்கே வேறு பெயரில் வந்திருக்கிறது. பதில் எழுதாமல் அழித்து, ஆளை பிளாக் செய்யுங்கள். குறிப்பிட்ட சொற்கள் உள்ள கமெண்ட்டை மறைத்துவிடும் வசதி இன்ஸ்டாகிராமில் உண்டு. மனதில் வரும் சொற்களையெல்லாம் அதில் போட்டு வையுங்கள், தமிழிலும் போடுங்கள், ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழிலும் போடுங்கள். அப்புறம், புடவையை நீங்களே கட்டிக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். உங்கள் நிறத்தில் அந்தப் புடவை எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

கணவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது நீங்கள் எழுதியது மட்டும்தான். சாப்பிடும்போது அவர் பார்ப்பது உங்கள் போனின் முதுகை. கோபத்தில் பாதிக்கு நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, சம்பளம் பாதியான அந்த வருடத்தில் வீட்டைத் தூக்கி நிறுத்தியது அவரில்லை என்பதில் இருக்கலாம். அதை அவர் வாயால் சொல்ல மாட்டார், நீங்களும் சொல்லிக் காட்டாதீர்கள். எட்டு மணிக்கு ஷட்டர் இறங்கினால் இருவரும் பேச நேரம் கிடைக்கும்.

இனி மகள்.

மூன்றாம் பக்கத்தில் பிளேட்லெட் கொடுக்க வந்தவர்களைப் பற்றி உருகி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவில் என்ன படம் போட்டீர்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: டிரிப்ஸ் ஏறும் அவள் கையும், கண் மூடிப் படுத்திருக்கும் முகமும். உதவி கேட்க முகம் தேவைப்பட்டதா? ரத்த வகையும் ஆஸ்பத்திரி பெயரும் போதாதா? அதற்கு முன் அவள் பிறந்தநாள்கள், ஆண்டு விழா நடனம், மஞ்சள் நீராட்டு. ஒன்பது வயதிலிருந்து அவள் உங்கள் கடைப் பக்கத்தில் இருக்கிறாள். நம் ஊரில் பெண் பெரியவளானதைத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துச் சொல்கிறோம். அதில் கூனிக் குறுகிய பெண்கள் நாற்பது வயதில் என்னிடம் வந்து அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த ஃப்ளெக்ஸாவது ஒரு மழையில் கிழிந்துவிடும்.

2023-ல் வந்த நம் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தை என்கிறது. அவர்கள் விவரங்களைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. வாங்கட்டும். பெற்றோரே போடும்போது அந்தக் குழந்தையிடம் யார் கேட்பது என்ற இடத்தில் சட்டம் பேசவில்லை. அது உங்கள் வீட்டுக் கூடத்தில் தீர வேண்டிய விஷயம்.

மகளின் கோபம் ஸ்டிக்கர் செய்த பையன் மேல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் மேலும் இருக்கும். ஆனால் அவள் பேசாமல் இருப்பது உங்களோடு. கேட்காமல் போட்டது நீங்கள் என்பதால் மட்டுமில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பேச நேரமில்லாத அம்மாவுக்கு, அதே முகத்தைப் படமெடுத்து ஃபில்டர் போட்டு, எழுத்து சேர்த்துப் பதிவேற்ற நேரம் இருந்தது. பதினான்கு வயதுக்கு இது நன்றாகப் புரியும்.

என்ன செய்யலாம்? ஷட்டர் இறங்கிய ஒரு நாள் மாலை போனை அவள் கையில் கொடுங்கள். "இந்தப் பக்கத்தில் நீ இருக்கும் படம் எதெல்லாம் இருக்கக் கூடாதோ எல்லாவற்றையும் எடுத்துவிடு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நன்றாகப் போன பதிவுகளாகவும் இருக்கும், ஆயிரம் லைக் விழுந்ததாகவும் இருக்கும். வாயைத் திறக்காதீர்கள். மன்னிப்புக் கேட்பதென்றால் ஒரே வாக்கியம்: "உன்னைக் கேட்காமல் போட்டது தப்பு." அதற்குப் பின்னால் 'ஆனால்' வரக் கூடாது. 'குடும்பத்துக்காகத்தானே' வரவே கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் அவள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைமைக்குக் கொண்டுபோகாதீர்கள். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு அம்மா செய்திருக்கிறார்: 'சாரி டா செல்லம்' என்று மகள் படத்தோடு ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டிக்கர் விஷயத்தில் மறுநாளே பள்ளிக்குப் போய் நிற்கத் துடிப்பீர்கள். அவளைக் கேளுங்கள். வகுப்பில் இன்னும் பெரிதாகிவிடும் என்று அவள் பயப்படலாம். வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் தனியாகப் பேசினால் போதும் என்று சொல்லலாம். வெறும் முகத்தை வைத்துச் செய்த கிண்டல் என்றால் அவள் சொல்வதற்கு மதிப்புக் கொடுங்கள். அவள் முகத்தை வேறு உடம்போடு ஒட்டியோ ஆபாசமாகவோ ஏதாவது செய்திருந்தால் கதை வேறு, அங்கே பெரியவர்கள் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் பதிய முடியும். சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. அவள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போக மறுத்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, தமிழில் பேசுவார்கள், எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.

இந்தக் கடிதத்தை வெளியிடலாமா என்று உங்களைக் கேட்டபோது அடுத்த நிமிடமே 'சரி மேடம்' என்று பதில் வந்தது, அதுவும் இரவு பதினொன்றே முக்காலுக்கு! மகளையும் கேட்டுச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினேன். நீங்கள் சொல்ல, அவள் வாயைத் திறக்காமல் கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாளாம். அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள், அனுப்பலாமா என்று அவளைக் கேட்டுவிட்டு. "பேர், ஊர், ஸ்கூல் எதுவும் வரக் கூடாது. ஸ்டிக்கர்னு மட்டும் போடலாம். என்ன ஸ்டிக்கர்னு போடக் கூடாது." எது போகலாம், எது போகக் கூடாது என்று மூன்று வரியில் சொல்லிவிட்டாள். கடைக்கு நேரம் குறிக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த 'பத்து மணிக்குப் பதில் தருகிறேன்' வாசகத்தையும் அவளே எழுதட்டும்.